வீட்டுல தேனீ வளர்க்கிறவங்க திரும்பத் திரும்ப கேக்குற கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்துல ரப்பர் தோட்டம் ஓரமா ஒன்பது பெட்டி வச்சிருக்கேன். தொழிலா இல்ல, ஆசைக்குத்தான். தேன் வாங்க வர்றவங்க, சொந்தக்காரங்க, போன்ல கூப்பிடுறவங்க எல்லாரும் சுத்திச் சுத்தி ஒரே சந்தேகத்தைத்தான் கேக்குறாங்க, ஒவ்வொருத்தருக்கா சொல்லி தொண்டை வத்திப் போச்சு, அதான் கேட்டவங்க கேட்ட மாதிரியே எழுதி பதிலையும் கீழ போட்டுட்டேன். மாசக் கணக்கு எல்லாம் எங்க ஊருக்கு உள்ளது, உங்க ஊருக்கு கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும்.

1. அக்கா, தேனீ வளர்க்க ஆசையா இருக்கு, எந்த தேனீ வாங்கணும்?

நம்ம ஊருல மலைத்தேனீ, கொம்புத்தேனீ, அடுக்குத்தேனீ, கொசுத்தேனீ இருக்கு, இது போக வெளியில இருந்து வந்த இத்தாலியத் தேனீ. மலைத்தேனீயும் கொம்புத்தேனீயும் ஒத்தை அடை கட்டி வெட்டவெளியில தொங்குற ஜாதி, பெட்டிக்குள்ள உக்காராது. இத்தாலியத் தேனீ தேன் நிறைய தரும், ஆனா பூ இருக்கிற ஊரா பாத்து லாரியில ஏத்திக்கிட்டு அலையணும், வீட்டுக்கு ரெண்டு பெட்டி வைக்கிறவங்களுக்கு அது சரிப்படாது.

அதனால அடுக்குத்தேனீ, இல்லைன்னா கொசுத்தேனீ. அடுக்குத்தேனீயைத்தான் இந்தியத் தேனீன்னும் சொல்லுவாங்க, மரப்பொந்துல சுவர் இடுக்குல பல அடையா அடுக்கி கட்டுறது. கொசுத்தேனீக்கு கொடுக்கு கிடையாது, சின்ன பிள்ளைங்க இருக்கிற வீட்டுக்கு நல்லது, மூங்கில்லயோ மண்சட்டியிலயோ கூட இருந்துக்கும், ஆனா வருஷத்துக்கு சில நூறு கிராம் கிடைச்சா பெரிசு. கீழ சொல்றது எல்லாம் அடுக்குத்தேனீக்கு.

2. முதல்ல ஒரே ஒரு பெட்டி வச்சு பாக்கட்டுமா?

ரெண்டா வைங்க. ஒண்ணு மட்டும் இருந்தா அது நல்லா இருக்கா நோஞ்சானா இருக்கான்னு ஒப்பிட்டு பாக்க எதுவும் இருக்காது. அதோட ஒரு பெட்டியில ராணி போச்சுன்னா இன்னொண்ணுல இருந்து முட்டை இருக்கிற ஒரு சட்டத்தை (பெட்டிக்குள்ள தொங்குற மரச்சட்டம், அதுலதான் அடை கட்டும்) எடுத்து வச்சா அதுங்களே புது ராணி உண்டாக்கிக்கும். ஒத்தைப் பெட்டிக்காரங்க அந்த நேரத்துல ஊர் பூரா போன் போட்டுட்டு இருக்கணும்.

பத்துப் பெட்டியில ஆரம்பிக்கவும் வேண்டாம். பயிற்சிக்கு போன சூட்டோட பத்து வாங்கி, அடுத்த ஆடிக்குள்ள எல்லாம் காலிப் பெட்டியா திண்ணையில அடுக்கி வச்சவங்க எனக்குத் தெரிஞ்சே மூணு பேர் இருக்காங்க.

3. எந்த மாசம் ஆரம்பிக்கலாம்? இப்பவே வாங்கலாமா?

இந்த ஒரு பதிலை மட்டும் மனப்பாடம் பண்ணிக்கோங்க, பின்னாடி பாதி கேள்விக்கு இங்கதான் அனுப்பப் போறேன். எங்க பக்கம் தேனீ வருஷம் மூணு துண்டு. அக்டோபர்ல இருந்து ஜனவரி வரைக்கும் பெருகுற காலம், ஐப்பசி மழை நடுவுல வந்தாலும் மகரந்தம் வந்துட்டே இருக்கும், புழு அறை நிறையும். பிப்ரவரியில இருந்து ஏப்ரல், மே வரைக்கும் தேன் காலம். ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் பஞ்ச காலம், மழை கொட்டும், வெளிய போக முடியாது, போனாலும் பூ இருக்காது.

தேன் காலத்துக்கு காரணமே ரப்பர்தான். பலரும் ரப்பர் பூவுல இருந்து தேன் வருதுன்னு நினைக்கிறாங்க. இலை உதிர்ந்து புதுக் கொழுந்து வரும்போது இலைக்காம்பு முனையில, மூணு இலை சேருற இடத்துல சின்ன சுரப்பி இருக்கும், அதுல இனிப்புத் தண்ணி ஊறும், அதைத்தான் தேனீ உறிஞ்சுது. வெயில் ஏறுறதுக்கு முன்னாடி ஒரு கொப்பை வளைச்சு அந்த இடத்தை விரலால தொட்டு நாக்குல வச்சு பாருங்க, தெரியும். கொழுந்து முத்திட்டா ஊத்தும் நின்னுடும்.

ஆக வாங்குறதுன்னா அக்டோபர், நவம்பர்ல வாங்குங்க. மார்ச்ல வாங்கினா தேன் உடனே கிடைக்கும், ஆனா பழகுறதுக்குள்ள பஞ்ச காலம் வந்துடும். ஜூன்ல விலை கம்மியா தர்றாங்கன்னு வாங்குறது மாதிரி முட்டாள்தனம் வேற இல்ல, தர்றவர் ஏன் தர்றாருன்னு யோசிங்க.

4. நியூட்டன் பெட்டி, மார்த்தாண்டம் பெட்டின்னு சொல்றாங்களே, எது நல்லது?

ரெண்டும் நல்லதுதான். நியூட்டன்ங்கிறது ஒரு பாதிரியார், 1911-17 வாக்குல திருச்சியில இருந்து நம்ம சின்ன தேனீக்கு ஏத்த அளவுல பெட்டி பண்ணி தென்னிந்தியா பூரா பழக்கிவிட்டவர். மார்த்தாண்டம் பெட்டி எங்க ஊரு ஒய்எம்சிஏ வழியா 1920கள்ல இருந்து பரவினது, ஸ்பென்சர் ஹேட்ச்னு ஒரு அமெரிக்கக்காரர் அப்போ அங்க இருந்தார். உங்க ஊருல பக்கத்துல இருக்கிறவங்க எது வச்சிருக்காங்களோ அதையே வாங்குங்க, ஏன்னா சட்டம் மாத்திக்கணும்னா அளவு ஒத்துப்போகணும். பாதி அது பாதி இதுன்னு கலந்து வச்சா நீங்க பட்ட பாடு.

பெட்டியில முக்கியம் இடைவெளி. தேனீ நடமாடுறதுக்கு 7-ல இருந்து 9 மில்லிமீட்டர் சந்து விட்டா அதை காலியா விட்டுடும், கூட விட்டா அதுல அடை கட்டும், குறைச்சு விட்டா மெழுகும் பிசினும் வச்சு ஒட்டிடும். தச்சர்கிட்ட குடுத்து சும்மா கண் அளவுல அடிச்ச பெட்டி எல்லாம் அப்புறம் உளி வச்சு பேத்து எடுக்கிற கதைதான். அயனி, தேக்கு மாதிரி மரம் நல்லது. ரப்பர் பலகை சல்லிசு, ஆனா பூச்சி அரிச்சு உளுத்துப் போகும். பெயிண்ட் வெளிப்பக்கம் மட்டும், உள்ள ஒரு சொட்டு கூட கூடாது.

5. டவுன்லதான் வீடு, மொட்டை மாடியில வைக்கலாமா? பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைக்கு வருவாங்களா?

வைக்கலாம், நிழல் இருந்தா. காங்கிரீட் தரை சூட்டுல வெறும் வெயில்ல வச்சா அடை இளகி விழுந்துடும். புழு இருக்கிற இடத்தை தேனீ 33-ல இருந்து 36 டிகிரி வரைக்கும் பிடிச்சு வச்சுக்கும், அதுக்கு மேல ஏறினா எல்லாம் வேலையை விட்டுட்டு தண்ணி கொண்டு வந்து தெளிச்சு இறக்கையால விசிறிட்டு உக்காந்திருக்கும். தென்னந்தட்டியோ ஷேட் நெட்டோ போடுங்க, வாசல் கிழக்கு பாத்து இருக்கட்டும், காலையில வெயில் பட்டா சீக்கிரம் வேலைக்கு கிளம்பும்.

சண்டை வர்றது பெரும்பாலும் கொட்டுறதால இல்ல, தண்ணியால. உங்க மாடியில தண்ணி இல்லைன்னா பக்கத்து வீட்டு துவைக்கிற கல்லு, நாய்க்கு வச்ச தண்ணின்னு போய் மொய்க்கும். ஒரு அகலச் சட்டியில கூழாங்கல்லு போட்டு தண்ணி ஊத்தி முதல் நாள்ல இருந்தே வைங்க, பழகிட்டா வேற எங்கயும் போகாது. பறக்கிற வழிக்கு நேரா யாரு வீட்டு ஜன்னலும் நடைபாதையும் இருக்கக் கூடாது, இருந்தா எதிர்ல ஆளுயரத்துக்கு ஒரு தட்டி கட்டுங்க, மேல ஏறி தலைக்கு மேல போயிடும். சித்திரையில ஒரு பாட்டில் தேனை பக்கத்து வீட்டுக்கு குடுத்துடுங்க, இது நான் அனுபவத்துல சொல்றது.

6. காலனி வாங்கப் போறேன், விக்கிறவர் ஏமாத்தாம இருக்க என்ன பாக்கணும்?

காலனின்னா ராணியோட சேந்த மொத்த தேனீக் கூட்டம். ராணியை காட்டச் சொல்லி நிக்காதீங்க, முட்டையைப் பாருங்க. சட்டத்தை வெளிச்சம் முதுகுப் பக்கம் இருந்து விழுற மாதிரி பிடிச்சு அறைக்குள்ள எட்டிப் பாத்தா அடியில நொய்யரிசியை விட சின்னதா, நூல் துண்டு மாதிரி வெள்ளையா ஒண்ணு ஒட்டிட்டு நிக்கும். முட்டை மூணு நாள்ல புழுவாயிடும், அதனால முட்டை இருக்குன்னா மூணு நாளைக்குள்ள ராணி அங்க இருந்திருக்குன்னு அர்த்தம். அறைக்கு ஒண்ணுதான் இருக்கணும். ரெண்டு மூணா கிடந்தா 15-வது கேள்வியைப் பாருங்க, அந்தப் பெட்டி வேண்டாம்.

மூடின புழு அறை நெருக்கமா இருக்கணும், நடுவுல ஓட்டை ஓட்டையா விட்டுப் போயிருந்தா ராணி கிழடு, இல்லைன்னா நோய். ஆண் தேனீ அறை மூடி கூம்பின தொப்பி மாதிரி இருக்கும், நடுவுல ஊசி குத்தின மாதிரி ஒரு பொடி ஓட்டையும் இருக்கும், அதைப் பாத்து பூச்சி ஓட்டை போட்டுடுச்சுன்னு பயப்படாதீங்க, நம்ம தேனீக்கு அது இயல்பு.

7. தினமும் தொறந்து பாக்கணும் போல இருக்கு, தப்பா?

தப்பு. எனக்கும் முதல் வருஷம் அந்த வியாதி இருந்துச்சு, எனக்கு கத்துக்குடுத்த மாமா ஒரு நாள் வந்து பாத்துட்டு "நீ சோறு பொங்கும்போது தினம் ஒருத்தன் வந்து கூரையைப் பிரிச்சு பாத்தா இருப்பியா"ன்னு கேட்டார். பெருகுற காலத்துல வாரம் ஒரு தடவை, தேன் காலத்துல தேன் அறையை (தேன் சேக்கிற மேல் அடுக்கு) மட்டும் வாரம் ஒருக்கா, பஞ்ச காலத்துல பத்து நாளைக்கு ஒருக்கா அடிப்பலகை சுத்தம் பண்ணவும் தீனி வைக்கவும் மட்டும். எதுக்கு தொறக்கிறோம்னு ஒரு காரணம் கையில இருக்கணும். பாதி விஷயம் வாசல்ல நின்னு பாத்தாலே தெரியும், காலுல மஞ்சளா மகரந்த உருண்டை வச்சுக்கிட்டு உள்ள போகுதுன்னா பெரும்பாலும் உள்ள புழு வளருதுன்னு அர்த்தம்.

தொறக்கிறதுன்னா மழை, காத்து இல்லாத நாள்ல காலை ஒன்பது பத்து மணிக்கு. காஞ்ச கதம்பையை (தேங்காய் மட்டை) புகைப்பானுல போட்டு, புகை ஆறி வெள்ளையா வருதான்னு உள்ளங்கையில ஊதிப் பாத்துட்டு, வாசல்ல ரெண்டே ரெண்டு ஊது, ஒரு நிமிஷம் காத்திருந்து மூடியை நெம்பி மூடிக்கு கீழ ஒரு ஊது, போதும். அடுப்பு ஊதுற மாதிரி ஊதினா நம்ம தேனீ அடையை விட்டு கும்பலா ஓடும், அப்புறம் ஒண்ணும் பாக்க முடியாது. பெட்டிக்கு பின்பக்கமோ பக்கவாட்டிலயோ நில்லுங்க. ஓரத்து சட்டத்தை முதல்ல எடுத்துட்டா மத்தது நசுங்காம வரும். சட்டத்தை நேரா தூக்குங்க, புது அடையை படுக்கையா சாய்ச்சா ஒடிஞ்சு கீழ விழும்.

8. கொட்டினா என்ன பண்ணணும்? சுண்ணாம்பு தடவலாமா?

முதல் வேலை கொடுக்கை எடுக்கிறது. கொடுக்கோட விஷப்பையும் சேந்து பிஞ்சு வந்து தோல்ல நின்னு தானா துடிச்சு விஷத்தை இறக்கிட்டே இருக்கும். நகத்தால சுரண்டுறதா கிள்ளி எடுக்கிறதான்னு பட்டிமன்றம் வேண்டாம், எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறீங்க அதுதான் கணக்கு. அப்புறம் சோப்பு போட்டு கழுவி ஐஸ் வைங்க. சுண்ணாம்பு, வெங்காயம், டூத்பேஸ்ட் எல்லாம் மனத் திருப்திக்கு, சுண்ணாம்பு தோலை வேற பொத்துவிடும்.

கொட்டின இடத்துல இருந்து பழுத்த வாழைப்பழ வாசம் மாதிரி ஒண்ணு வரும், அது மத்த தேனீக்கு "இங்க அடி"ன்னு குடுக்கிற சிக்னல். அதனால அந்த இடத்துல புகை ஊதுங்க, கையுறையில கொட்டியிருந்தா அதைக் கழுவாம மறுபடி போடாதீங்க. கருப்பு, கம்பளி மாதிரி ரோமம் உள்ள துணி ஆகாது, வெளிர் நிறம் போடுங்க, சென்ட் வேண்டாம். முகவலை மட்டும் எத்தனை வருஷம் ஆனாலும் விடாதீங்க. கையில கொட்டினா வீங்கும், கண்ணுல கொட்டினா கண்ணே போகலாம். கும்பலா துரத்தினா நேரா வீட்டுக்குள்ளயோ காருக்குள்ளயோ ஓடி கதவைச் சாத்துங்க, குளத்துல குதிக்காதீங்க, மேல காத்துட்டு இருக்கும்.

9. எனக்கு கொட்டின இடம் முழங்கை வரைக்கும் வீங்குச்சு, இது அலர்ஜியா? விட்டுடணுமா?

கொட்டின இடத்தைச் சுத்தி வீக்கம், ரெண்டு மூணு நாள் அரிப்பு எல்லாம் நிறைய பேருக்கு வர்றதுதான். பயப்பட வேண்டியது கொட்டாத இடத்துல ஏதாவது வந்தா: உடம்பு பூரா தடிப்பு, உதடு, நாக்கு, தொண்டை வீக்கம், மூச்சுத் திணறல், வாந்தி, தலை சுத்தி மயக்கம். இது நிமிஷக் கணக்குல முத்தும். வீட்டு வைத்தியம், அலர்ஜி மாத்திரை போட்டுட்டு படுக்கிறது எல்லாம் கூடாது, 108-க்கு கூப்பிடுங்க, ஆஸ்பத்திரியில அட்ரினலின் ஊசி போடணும். ஒரு தடவை இப்படி வந்தவங்க டாக்டர்கிட்ட பேசாம பெட்டிகிட்ட திரும்ப போகவே கூடாது. அலர்ஜி இல்லாட்டியும் ஒரே நேரத்துல நிறைய கொட்டினா, குழந்தைங்க வயசானவங்கன்னா இன்னும் கம்மி எண்ணிக்கையிலயே, ஆஸ்பத்திரிக்கு போயிடணும்.

முதல் தடவை ஒண்ணும் ஆகலைன்னா எப்பவும் ஆகாதுன்னு இல்ல. அதனால தனியா பெட்டி தொறக்கிறவங்க போனை சட்டைப் பையில வச்சுக்கோங்க, வீட்டுல ஒரு ஆள்கிட்ட சொல்லிட்டு போங்க.

10. எறும்புதான் பெரிய தொல்லை, எறும்பு பவுடர் தூவலாமா?

ஐயோ வேண்டாம், எறும்பைக் கொல்றது தேனீயையும் கொல்லும். ஸ்டாண்ட் கால் ஒவ்வொண்ணுக்கும் கீழ ஒரு கிண்ணம் வச்சு தண்ணி ஊத்துங்க, வேலை முடிஞ்சது. ஆனா கோடையில தண்ணி வத்திப் போறதை கவனிக்காம விட்டா ஒரே ராத்திரியில முடிஞ்சுரும், முசுறு ஏறின பெட்டியை காலையில பாத்தா அழுகை வரும். அதுக்குத்தான் சிலர் பழைய என்ஜின் ஆயில் ஊத்துறாங்க. தண்ணிக்குள்ள தேனீ விழுந்து சாகாம மேல ஒரு சிரட்டையை கவுத்து மூடி விடலாம். இன்னொண்ணு, கிண்ணம் எல்லாம் சரியா இருக்கும், ஒரே ஒரு புல்லு நீண்டு பெட்டியைத் தொட்டுட்டு இருக்கும், எறும்புக்கு அது பாலம். சுத்தி ஒரு அடிக்கு புல்லு செத்தி விடுங்க.

11. அடையில வெள்ளையா சிலந்தி வலை மாதிரி இருக்கு, உள்ள புழு நெளியுது. என்ன அது?

மெழுகுப் புழு. ஒரு சாம்பல் நிற அந்துப்பூச்சி ராத்திரியில நுழைஞ்சு இடுக்குல முட்டை வச்சுட்டுப் போகும், அதுல வர்ற புழு அடைக்குள்ள சுரங்கம் தோண்டி நூல் இழுத்துட்டு போகும், கீழ அடிப்பலகையில மிளகுப்பொடி மாதிரி கருப்பா புழுக்கை கிடக்கும். வலை கண்ணுக்குத் தெரியுறதுக்கு முன்னாடியே அந்தப் பொடி தெரியும், அதனால அடிப்பலகையை பாக்கிற பழக்கம் வேணும். நம்ம தேனீ பழைய அடையை கடிச்சு மெழுகுத் தூளை கீழ தள்ளும், புழு முதல்ல அதைத் தின்னுதான் வளருது.

இது நோய் இல்லைங்க, காலனி பலம் குறைஞ்சதுக்கு அடையாளம். தேனீ மூடியிருக்கிற அடையில இது வராது, ஆள் இல்லாத அடையிலதான் வரும். அதனால பஞ்ச காலம் தொடங்குறதுக்கு முன்னாடியே தேன் அறையை எடுத்துடுங்க, ஆள் இல்லாத அடையை உருவிடுங்க, பெட்டியில வெடிப்பு இருந்தா மெழுகு வச்சு அடைங்க. எடுத்த நல்ல அடையை ரெண்டு நாள் ஃப்ரீசர்ல வச்சு அப்புறம் காத்துப் புகாத பையில கட்டி வச்சா அடுத்த சீசனுக்கு ஆகும், ஃப்ரீசர்ல இடம் இல்லைன்னா மூடின டப்பாவுல கந்தகப் புகை. பாச்சா உருண்டை போட்டு வைக்காதீங்க, மெழுகு அந்த வாசத்தை இழுத்து வச்சுக்கும், அப்புறம் தேன்ல வரும்.

12. கதண்டு வந்து வாசல்லயே நின்னு பிடிச்சு தின்னுது, எப்படி விரட்டுறது?

ஒண்ணு ரெண்டு வந்தா தேனீயே பாத்துக்கும். கும்பலா வாசல்ல சேந்து உடம்பை அலை மாதிரி சிலுப்பும், நெருங்கி வந்த கதண்டை பந்தா சுத்தி மூடி சூடாக்கியே கொன்னுடும், அந்தப் பந்துக்குள்ள 46 டிகிரி வரைக்கும் ஏறும், கதண்டு தாங்காது, தேனீ தாங்கும். நிறைய வந்தா வாசலை ஒரு தேனீ ரெண்டு தேனீ நுழையுற அளவுக்கு சின்னதாக்குங்க, மாலையில கொசு பேட் வச்சு அடிக்கலாம், என் பையனுக்கு லீவு நாள்ல இதுதான் வேலை. கூடு எங்க இருக்குன்னு கண்டுபிடிச்சா நீங்க கை வைக்காதீங்க, தேனீ கொட்டுறதும் கதண்டு கொட்டுறதும் ஒண்ணு இல்ல, தீயணைப்புத் துறைக்கு சொன்னா வந்து எடுப்பாங்க.

பல்லி, தேரை, சிலந்தி எல்லாம் பெட்டியை உயரமா வச்சு சுத்தமா வச்சாலே குறையும். பஞ்சுருட்டானும் இரட்டைவால் குருவியும் பறக்கும்போதே பிடிச்சு தின்னும், அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது, அதுங்களும் பொழைக்கணும்.

13. புழு எல்லாம் அறைக்குள்ள நிமிந்து செத்து நிக்குது, இதுக்கு என்ன மருந்து?

செத்த புழு படகு மாதிரி முனை தூக்கி நிக்குதா, இடுக்கியால மெதுவா தூக்கினா தண்ணி நிறைஞ்ச பை மாதிரி வருதா? அப்படின்னா தாய் சாக்புரூட்ங்கிற வைரஸ், தாய்லாந்துல முதல்ல கண்டதால அந்தப் பேர். 1991-92-ல இது தென்னிந்தியாவுக்குள்ள வந்து அடுக்குத்தேனீ காலனியில 90 சதவீதத்துக்கு மேல அழிச்சுட்டுப் போச்சு. எங்க மாவட்டத்துல அன்னைக்கு வீட்டுக்கு வீடு பெட்டி இருந்துச்சு, மாமா நாப்பது பெட்டியில ரெண்டு மிஞ்சினதா சொல்லுவார், மிச்சப் பெட்டிப் பலகையை கோழிக்கூடு அடிச்சாராம். தப்பிச்ச காலனியில இருந்து பெருக்கினதுதான் இப்ப நம்மகிட்ட இருக்கிறது.

மருந்து கிடையாது. வைரஸ்ங்கிறதால ஆன்டிபயாட்டிக் குடுத்து ஒரு பிரயோஜனமும் இல்ல, தேன்ல கலப்படம் ஆகுறதுதான் மிச்சம். பாதிச்ச அடையை எடுத்து எரிச்சுடுங்க, ராணியை ரெண்டு மூணு வாரம் முட்டை வைக்க விடாம கூண்டுல அடைங்க, இல்லைன்னா மாத்திடுங்க. புதுப் புழு இல்லைன்னா வைரஸ் பெருக இடம் இல்ல. 2-வது பதில்ல சட்டம் மாத்தி வைக்கச் சொன்னேன்ல, இந்த நோய் ஒரு பெட்டியில இருந்தா அந்த வேலையே கூடாது. அந்தப் பெட்டியை கடைசியா தொறங்க, கை, உளி எல்லாம் சோப்பு போட்டுக் கழுவுங்க. தாங்கி நிக்கிற காலனி எதுவோ அதுல இருந்து பிரிச்சுப் பெருக்குங்க.

யூடியூப் வெள்ளைக்கார வீடியோல வர்ற வர்ரோவா உண்ணி பத்தியும் கேப்பாங்க. அந்த உண்ணிக்கு பூர்வீகமே அடுக்குத்தேனீதான், ரெண்டும் காலங்காலமா ஒண்ணா இருந்து பழகினது, நம்ம தேனீ தன் மேல ஏறினதை தட்டி விடும், உண்ணி பெரும்பாலும் ஆண் அறையிலதான் பெருகும். ஆசிட் வாங்கி ஊத்தற வேலை நமக்கு வேண்டாம். அது இத்தாலியத் தேனீக்காரங்க கவலை.

14. சர்க்கரைப் பாகு வச்சா அது கலப்படத் தேன் ஆயிடாதா?

எப்ப வைக்கிறீங்கங்கிறதுல இருக்கு. பஞ்ச காலத்துல (3-வது பதில்) வச்சா அது உயிர் பிழைக்க, அவ்வளவும் தின்னுதான் தீர்க்கும். தேன் அறை மேல இருக்கும்போது வச்சா நீங்க வித்தது சர்க்கரைதான். வெள்ளைச் சர்க்கரை ஒரு பங்கு, தண்ணி ஒரு பங்கு, கொதிச்ச தண்ணியில கரைச்சு ஆறவிட்டு சாயங்காலம் பெட்டிக்கு உள்ள வைங்க, சிரட்டையில ஊத்தி மேல ரெண்டு குச்சி போட்டா மூழ்காது. வெல்லம், கருப்பட்டி வேண்டாம், வயித்தால போகும். கடைத் தேனும் வேண்டாம், எந்தக் காலனி நோய் அதுல வருதோ யாரு கண்டா. வெளிய சிந்தினா அடுத்த பெட்டித் தேனீ கொள்ளைக்கு வந்துடும், பலம் குறைஞ்ச பெட்டிதான் அதுல சாகும்.

15. காலையில பாத்தா பெட்டி காலி! எல்லாம் எங்க போச்சு? இன்னொரு பெட்டியில ராணியும் காணோம்.

ரெண்டு விதமா போகும். ஒண்ணு பிரிஞ்சு போறது, பெருகுற காலத்துல அடையோட கீழ் விளிம்புல நிலக்கடலை மாதிரி ராணி அறை தொங்கும், பழைய ராணி பாதி ஆளை கூட்டிக்கிட்டு கிளம்பும், மிச்சம் பாதி உள்ள இருக்கும். இதைத் தடுக்கணும்னா ராணி அறை பாத்த உடனே நீங்களே ரெண்டா பிரிச்சுடுங்க. பிரிஞ்சு போய் கொப்புல தொங்குற கூட்டம் வயிறு நிறைய தேன் குடிச்சிருக்கும், அதுக்கு கொட்டுற மூடே இருக்காது, மெழுகு தடவின பெட்டியை கீழ பிடிச்சு ஒரு உலுக்கு உலுக்கினா விழும். நுழைஞ்சதும் நாலஞ்சு நாள் வாசல்ல ராணி வாயில் தகடு (வேலைக்காரத் தேனீ நுழையும், ராணி நுழைய முடியாத ஓட்டை உள்ள தகடு) போட்டு வைங்க.

இன்னொண்ணு மொத்தமா ஓடுறது. தீனி இல்லை, எறும்பு, மெழுகுப் புழு, வெயில், நீங்க தினமும் தொறந்தது, எல்லாத்துக்கும் நம்ம தேனீயோட பதில் இதுதான். முன்கூட்டியே தெரியும்: முட்டை குறையும், மகரந்தம் வர்றது நிக்கும், சேத்து வச்ச தேனை தின்னு தீர்க்கும். அந்தக் கட்டத்துல பாகு வைங்க, முடிஞ்சா இன்னொரு பெட்டியில இருந்து புழு உள்ள ஒரு சட்டம் குடுங்க, புழுவை விட்டுட்டுப் போக அதுங்களுக்கு மனசு வராது.

ராணி இல்லாமப் போய் நாளாச்சுன்னா வேலைக்காரத் தேனீயே முட்டை வைக்க ஆரம்பிக்கும், அறைக்கு ரெண்டு மூணுன்னு, அதுவும் தாறுமாறா. அது எல்லாம் ஆண் தேனீயாத்தான் வரும், ஆண் ஒரு வேலையும் செய்யாது, காலனி அப்படியே தேய்ஞ்சுடும். அப்ப ராணி குடுத்தாலும் ஏத்துக்கிறது கஷ்டம். பலமான பெட்டி மேல ஒரு நியூஸ்பேப்பர் விரிச்சு, ஊசியால நாலஞ்சு குத்து குத்தி, இந்தப் பெட்டியை அது மேல தூக்கி வைங்க. பேப்பரை கடிச்சு முடிக்கிறதுக்குள்ள ரெண்டு வாசமும் கலந்துடும், சண்டை வராது.

16. தேன் எப்ப எடுக்கணும், எவ்வளவு கிடைக்கும்? எடுத்த தேன் பொங்கிடுச்சு!

பொங்கினதுக்கு காரணம் பச்சைத் தேன் எடுத்தது. தேன் அறை அடையில முக்கால்வாசி மெழுகு மூடி போட்ட பிறகு எடுங்க. மூடாத அடையை படுக்கையா பிடிச்சு ஒரு உதறு உதறினா தண்ணியா தெறிக்கும், அது இன்னும் ஆகலை. தேன்ல ஈரம் 20 சதவீதத்துக்கு மேல கூடாதுன்னு உணவுப் பாதுகாப்பு விதி இருக்கு, நம்ம அடுக்குத்தேன் இயல்பாவே ஈரம் ஜாஸ்தி, அதனால அவசரப்பட்டா கண்டிப்பா புளிக்கும். மழை நாள்ல எடுக்காதீங்க. பாட்டில்ல ஒரு சொட்டு தண்ணி இருந்தாலும் போச்சு.

ஒரு பெட்டிக்கு வருஷத்துக்கு 5-ல இருந்து 10 கிலோ வந்தா நல்ல வருஷம்னு வச்சுக்கோங்க, ரப்பர் நடுவுல நல்ல காலனி அதுக்கு மேலயும் தரும். கீழ் அடுக்குல புழு இருக்கிற இடத்துத் தேன்ல கை வைக்காதீங்க, அது அதுங்களோட பஞ்ச காலச் சாப்பாடு. மே மாசம் கடைசி எடுப்புல அதையும் வழிச்சு எடுத்துட்டு ஜூலையில "தேனீ ஓடிடுச்சு அக்கா"ன்னு கூப்பிடுறவங்களுக்கு என்ன பதில் சொல்றது.

17. தேன் உறைஞ்சு சர்க்கரையாயிடுச்சு, ஏமாத்திட்டீங்களா? தண்ணியில விட்டா தெரியுமாமே?

ரப்பர் தேன் சீக்கிரம் உறையும், அதுல இருக்கிற குளுக்கோஸ் மணி மணியா பிரியுது, அவ்வளவுதான். வெயில்ல வைங்க, இல்லைன்னா கை பொறுக்கிற சூட்டுத் தண்ணியில பாட்டிலை வைங்க, இளகிடும், அடுப்புல நேரா வைக்காதீங்க. தண்ணியில விடுறது, தீக்குச்சியில பத்த வைக்கிறது, எறும்பு வராது, நாய் நக்காதுங்கிறது எதுவும் சோதனையே இல்ல, கெட்டியான சர்க்கரைப் பாகும் தண்ணியில நேரா அடியிலதான் போய் உக்காரும், நல்ல தேனுக்கும் எறும்பு வரும், என் வீட்டு அலமாரியை வந்து பாருங்க. லேப்லதான் தெரியும்.

எவ்வளவு சுத்தமான தேனா இருந்தாலும் ஒரு வயசு ஆகாத குழந்தைக்கு நாக்குல தொட்டுக்கூட வைக்காதீங்க. பாட்டிங்க கோவிச்சுப்பாங்க, பரவாயில்ல. தேன்ல இருக்கக்கூடிய ஒரு கிருமியோட வித்து பச்சைக் குழந்தை குடல்ல முளைச்சு விஷம் உண்டாக்கும், பெரியவங்களுக்கு அது ஒண்ணும் பண்ணாது.

18. பக்கத்து வாழைத் தோட்டத்துல மருந்து அடிக்கிறாங்க, பெட்டியை கொஞ்சம் தள்ளி வைக்கட்டுமா?

"கொஞ்சம் தள்ளி"தான் ஆபத்து. பத்தடி தள்ளி வச்சா வெளிய போன தேனீ எல்லாம் பழைய இடத்துக்கே வந்து வட்டமடிச்சுட்டு கிடக்கும். நகர்த்துறதுன்னா ஒரு நாளைக்கு ஒரு அடியா நகர்த்துங்க, இல்லைன்னா இருட்டினதும் வாசலை கம்பி வலையால அடைச்சு மூணு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் கொண்டு போயிடுங்க.

மருந்துக்கு அதெல்லாம் பண்ண நேரம் இருக்காது, தோட்டக்காரர்கிட்ட முன்னாடியே பேசி வைக்கிறதுதான் வழி. சாயங்காலம் தேனீ அடங்கினதுக்கு அப்புறம் அடிக்கச் சொல்லுங்க, தூள் மருந்து வேண்டாம்னு கேளுங்க, அது மகரந்தத்தோட ஒட்டிக்கிட்டு பெட்டிக்குள்ளயே வந்துடும். அடிக்கிற அன்னைக்கு முந்தின ராத்திரியே வாசலை வலை போட்டு அடைச்சு, மேல ஈரச்சாக்கு போட்டு, உள்ள தண்ணியும் பாகும் வச்சுட்டா ஒரு பகல் தாங்கும். எங்க பக்கத்துத் தோட்டக்காரர் முதல்ல முறைச்சார். அவர் வெள்ளரிக்கு அந்த வருஷம் காய் கூடுதலா பிடிச்சதுல இருந்து அவரே போன் பண்ணி "நாளைக்கு மருந்து அடிக்கேன், உன் பிள்ளைகளைப் பூட்டு"ங்கிறார்.